மூன்றாவது கையெழுத்து யாருடையது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். என் அம்மா 11 வருடமாக ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2023 டிசம்பரில் சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த பிறகு, தொழிலாளர் அலுவலகத்தில் பேசி ஓர் ஒப்பந்தம் ஆனது. நாளுக்கு 590 ரூபாய், வார விடுமுறைக்குச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வருடத்துக்கு இரண்டு செட் சீருடை, மழைக்கோட்டு, தீபாவளி போனஸ் என்று அதில் இருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம், அதுவும் முடிந்துவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் வேறு கம்பெனி கான்ட்ராக்ட் எடுத்தது. "அது பழைய கம்பெனி போட்ட அக்ரிமென்ட், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று சொல்லி 510 ரூபாய்தான் போடுகிறார்கள். 26 நாள் வேலை பார்த்தும் பேங்கில் 9,547 ரூபாய்தான் விழுகிறது. சூப்பர்வைசர் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். சங்கத்தில் கேட்டால் "பொறுங்க, பேசிட்டிருக்கோம்" என்கிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் சம்பளச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, முதலில் சம்பளச் சீட்டைப் பார்த்துவிடலாம். அம்மாவின் பெயரையும் எந்த உள்ளாட்சி என்பதையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

510 பெருக்கல் 26 நாள் என்றால் 13,260. சீட்டில் "பிடித்தம்" என்று ஒரே வரியாக 3,713 போட்டிருக்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. அந்த 3,713 எங்கிருந்து வந்தது என்று நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன். பி.எஃப்.க்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம். 13,260-க்கு அது 1,591. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், அதாவது ரூபாயாக முழுமையாக்கினால் 100. இரண்டும் சேர்ந்து 1,691. அவ்வளவுதான் அம்மாவிடம் பிடிக்க வேண்டியது. மீதி 2,022 என்ன? முதலாளியின் பி.எஃப். பங்கும் 12 சதவீதம், இன்னொரு 1,591. முதலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், 431. கூட்டிப் பாருங்கள், சரியாக 2,022.

அதாவது கம்பெனி தன் பாக்கெட்டிலிருந்து கட்ட வேண்டிய பங்கையும் அம்மாவின் கூலியிலிருந்தே எடுத்திருக்கிறது. எந்த ஒப்பந்தம் செல்லும், எது செல்லாது என்ற பேச்சே இதற்குத் தேவையில்லை. முதலாளி பங்கைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்பது பி.எஃப். சட்டத்திலும் உண்டு, இ.எஸ்.ஐ. சட்டத்திலும் உண்டு. தொழிலாளியே சம்மதித்து எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. நான்கு மாதத்துக்கு 8,088 ரூபாய். இதை முதல் கோரிக்கையாக வையுங்கள். இதற்கு எதிர்வாதம் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

அப்புறம், பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் யு.ஏ.என். எண்ணை, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணைப் போட்டு பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மாதவாரியாகத் தெரியும். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும், மீதி 3.67 சதவீதம்தான் சேமிப்பில் நிற்கும். ஆகவே இரண்டு பத்தியிலும் ஒரே தொகை இல்லையே என்று பதற வேண்டாம். ஆனால் மாதமே காணவில்லை என்றால் அது வேறு விஷயம். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். சேலத்திலேயே பி.எஃப். மண்டல அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். இணையத்திலும் போடலாம், ஆனால் நேரில் கொடுத்துச் சீல் வாங்கிய காகிதத்துக்கு மதிப்பு தனி. புகாரில் கம்பெனியின் பெயரோடு உள்ளாட்சியின் பெயரையும் சேருங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை கொடுத்த முதன்மை முதலாளி கட்ட வேண்டும், கட்டிய தொகையை கான்ட்ராக்டரின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான நேரங்களில் கான்ட்ராக்டர் இறங்கி வருவது இந்த இடத்தில்தான்.

சரி, இனி ஒப்பந்தத்துக்கு வருவோம்.

சேலத்தில் "வேஜ் அக்ரிமென்ட்" என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். உருக்காலையில் நிரந்தர வேலையில் இருப்பவருக்கு டெல்லியில் உருக்குத் துறைக்கான கூட்டுக் குழுவில் பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர், கண்டக்டருக்குச் சங்கங்களோடு பேசி ஒப்பந்தம் வருகிறது. நகராட்சி, மாநகராட்சியில் நிரந்தரத் தூய்மைப் பணியாளருக்கு அப்படி இல்லை. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017-ல் வந்த அரசு விதிப்படி, அடிப்படைச் சம்பளம் 15,700-ல் தொடங்கும், அதன் மேல் அகவிலைப்படி ஏறும். அதே தெருவில் அதே துடைப்பத்தோடு நிற்கும் உங்கள் அம்மாவின் கூலியை யார் முடிவு செய்கிறார்கள்? டெண்டர். ஒரே வார்டில் ஒரே வேலைக்கு இரண்டு விதமான சம்பளம் என்பதை மக்கள் கவனிப்பதே இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு வாரம் போலத் தங்கிப் போராடியபோதுதான் பலருக்கும் இது உறைத்தது.

டெண்டர் ஒருவருடைய கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது ஒப்பந்தமும் கூடவே போகுமா என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். அதற்கு விடை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

சங்கக்காரர்கள் "பன்னிரண்டு மூணு", "பதினெட்டு ஒண்ணு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். 1947-ஆம் வருடத்துத் தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவுகள் அவை. இரண்டு தரப்பும் தாங்களாகவே உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டால் 18(1). அது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். சமரச அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சின் போக்கில் போட்டால் 12(3). அதற்குப் பலம் அதிகம். சங்கத்தில் இல்லாத தொழிலாளிக்கும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவருக்கும் அது பொருந்தும். முதலாளி தரப்பில் அவருடைய வாரிசையும், அந்த நிறுவனத்தை அவருக்குப் பின் ஏற்று நடத்துபவரையும் கட்டும். குப்பை அள்ளுவது அந்தச் சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவை. அதனால்தான் 14 நாள் முன்கூட்டியே வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது, நோட்டீஸ் கொடுத்ததும் சமரச அதிகாரி கட்டாயம் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. உங்கள் கடிதத்தில் "நோட்டீஸ் கொடுத்த பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் பேசி" என்று இருப்பதால் இது 12(3)-ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். போட்டோவின் அடியில் சமரச அதிகாரியின் முத்திரை மங்கலாகத் தெரிகிறது.

நகராட்சிக்கெல்லாம் தொழிற்தகராறு சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வங்காளத்தில் பட்ஜ் பட்ஜ் நகராட்சி தன் ஊழியர் இருவரை வேலையிலிருந்து நீக்கிய வழக்கிலேயே, 1952-ல், நகராட்சித் தகராறும் தொழில் தகராறுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1960-ல் நாகபுரி மாநகராட்சி வழக்கில் ஒவ்வொரு பிரிவாக எடுத்து அலசினார்கள். துப்புரவுப் பிரிவு அதில் தொழில் பட்டியலில்தான் வந்தது.

ஆனால் 12(3) என்பதாலேயே புதிய கம்பெனி மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் நானே ஒரு முறை சறுக்கினேன். வக்கீலாகி ஆறேழு வருடம் ஆன சமயம். பழைய கான்ட்ராக்டர் போட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு புதியவர் மேல் மனுப் போட்டேன். "நான் அவரிடமிருந்து எதையும் வாங்கவில்லை, ஏலத்தில் புதிதாக எடுத்தேன், நான் எப்படி அவருடைய வாரிசு?" என்று எதிர்த் தரப்பில் கேட்டார்கள். இரண்டு வருடம் இழுத்து மனு தள்ளுபடியானது. கடையை விலைக்கு வாங்கியவர் வேறு, அதே இடத்தில் புதுக்கடை போட்டவர் வேறு. அந்த ஒப்பந்தத்தில் நகராட்சி கையெழுத்தே போடவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். அந்தத் தொழிலாளிகளில் ஒருவரை இன்றும் கடைவீதியில் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

உங்கள் போட்டோவில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று சங்கத்துடையது. இன்னொன்று பழைய கம்பெனி. மூன்றாவது, சரியாகத் தாள் மடிந்த இடத்தில் விழுந்திருக்கிறது. அதன் கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பு, "ஆணையாளருக்காக" என்று படிக்கலாம் போலவும் இருக்கிறது, "சாட்சி" என்று படிக்கலாம் போலவும் இருக்கிறது. எத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளாட்சி ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு. கான்ட்ராக்டர் மாறினாலும் உள்ளாட்சி மாறவில்லை. 590 ரூபாய்க்கு அது பொறுப்பு. புதிய டெண்டரில் அந்தக் கூலியைச் சேர்க்காமல் விட்டது அதன் தவறு. வெறும் சாட்சிக் கையெழுத்து என்றால் அந்த வழி குறுகிவிடும்.

ஆகவே தொழிலாளர் அலுவலகத்தில் அந்த ஒப்பந்தத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். 12(3) ஒப்பந்தத்தின் பிரதி அங்கே கோப்பில் இருக்கும். தராமல் இழுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். அதே கையோடு உள்ளாட்சிக்கும் ஒரு மனுப் போட்டு, புதிய கம்பெனிக்குக் கொடுத்த பணி ஆணை, டெண்டர் நிபந்தனைகள், கடைசி நான்கு மாதத்துப் பில் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கம்பெனி பில் போட்டிருக்கிறது, முதலாளி பி.எஃப். பங்கைத் தனியாகக் காட்டி வாங்கியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். உள்ளாட்சியிடமும் வாங்கிக்கொண்டு, அம்மாவிடமும் பிடித்திருந்தால், ஒரே பங்குக்கு இரண்டு முறை வசூல். இதை ஆணையாளர் மேஜையில் வைத்தால் சங்கம் பேசிக்கொண்டிருக்கும் பேச்சும் கொஞ்சம் வேகமாக நகரும்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தேதி முடிந்தது, உண்மைதான். ஆனால் 12(3) ஒப்பந்தம் பால் பாக்கெட் போலத் தேதியோடு கெட்டுப்போவதில்லை. யாராவது ஒரு தரப்பு எழுத்தில் முறிவு அறிவிப்புக் கொடுத்து, அதற்குப் பிறகும் இரண்டு மாதம் போகும் வரை அது கட்டும். அதன் பிறகும்கூட, புதிய ஒப்பந்தமோ தீர்ப்போ வரும் வரை வேலை நிபந்தனைகள் பழையபடியே நிற்கும் என்று எல்.ஐ.சி. ஊழியர்களின் போனஸ் வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாரும் முறிவு அறிவிப்புக் கொடுத்ததாக நீங்கள் சொல்லவில்லை. சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம் வரும். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, 1947-ஆம் வருடச் சட்டம் போய்விட்டது, ஆகவே உன் ஒப்பந்தமும் போச்சு என்று யாராவது அம்மாவிடம் சொல்லக்கூடும். பழைய சட்டத்தின் கீழ் செய்தவை புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாத வரை தொடரும் என்று அதிலேயே காப்பு விதி உண்டு. மனுவில் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். எது பொருந்தும் என்று அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். புதிய ஊதியத் தொகுப்பில் நமக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. கூலிக் குறைவுக்கு மனுப் போட, பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம்தான் கெடு, இப்போது மூன்று வருடம். இருந்தாலும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். கெடுவை வைத்து வாதம் செய்ய யாருக்கும் இடம் தர வேண்டாம்.

தொகை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி 26 வேலை நாளும் 4 வார விடுமுறையும் சேர்த்து 30 நாளுக்கு 17,700. அவர்கள் கணக்கில் 13,260. மாதம் 4,440 குறைவு, நான்கு மாதத்துக்கு 17,760. மேலே சொன்ன 8,088-ஐயும் கூட்டினால் 25,848. இதில் அம்மாவின் பி.எஃப். பங்கு கொஞ்சம் கழியும், அதுவும் அவருடைய கணக்கில்தான் சேரும். உள்ளாட்சி ஒரு தரப்பு என்று உறுதியானால், அதே 1947-ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 33சி-யின் கீழ் இந்தத் தொகையை வசூலித்துத் தரக் கேட்கலாம். ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். சான்று கிடைத்துவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலாகும். உள்ளாட்சி தரப்பு இல்லை என்றால் 33சி-க்கு அவசரப்படாதீர்கள், என் கதை ஆகிவிடும். அப்போது 510 ரூபாய் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளாட்சி வேலைக்கென்று அரசு தனியாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது, 2017-ல் வந்த அரசாணை 62 என்று சங்கத்தில் சொல்வார்கள். அதன் மேல் ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் அகவிலைப்படி கூடும். இந்த வருடத் தொகையோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் எந்த ஒப்பந்தமும் இல்லாமலேயே வித்தியாசத்தைக் கேட்கலாம். இல்லையென்றால் 590-ஐக் காப்பாற்றப் புதிய தகராறு எழுப்ப வேண்டியதுதான், அதைச் சங்கம்தான் செய்ய வேண்டும்.

சீருடை, மழைக்கோட்டு பற்றி இப்போது எழுத வேண்டாம். அதைப் பேச்சுவார்த்தையில் முதல் நாளே கொடுத்துவிட்டு "கோரிக்கை நிறைவேறியது" என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்ற சட்டத்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது நீண்ட தனி வழக்கு. சம்பள பாக்கியோடு முடிச்சுப் போட்டால் பாக்கியும் அதோடு கிடப்பில் போகும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் நினைவில் இருக்கட்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் "எங்களிடம் ஐந்து வருடம் ஆகவில்லை" என்று கைகழுவுவார்கள். மேட்டூர் அனல் மின் நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளி வழக்கில், கான்ட்ராக்டர் தராத பணிக்கொடைக்கு முதன்மை முதலாளி பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அம்மாவின் 11 வருடத்துக்கும் கிடைத்த அடையாள அட்டை, வருகைச் சீட்டு, பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பரணில் பழைய பேப்பரோடு கிடந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

இ.எஸ்.ஐ. பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மாம்பழ சீசனில் கடைவீதிக் குப்பையில் என்னென்ன கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உடைந்த பாட்டில் கையைக் கிழித்தால் மேஸ்திரி டெட்டால் போட்டுக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்வார். அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, டாக்டர் ஓய்வு எழுதிய நாளுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண காய்ச்சலுக்கு ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும், அப்போது 70 சதவீதம். ஆடித் திருவிழாவுக்கு இரவு பன்னிரண்டு வரை நின்ற நாள்களுக்கு ஓவர்டைம் இரட்டைக் கூலி உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். தேதி, நேரத்தை அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். நாளைக்கு அதில் "510 ரூபாய்க்கு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்" என்றும் எழுதலாம், "சுயவிருப்பத்தில் வேலையை விடுகிறேன்" என்றும் எழுதலாம். முகத்துக்கு நேராக மறுப்பது அம்மாவுக்குக் கஷ்டம், புரிகிறது. "எனக்குக் கண்ணு தெரியலைங்க, பொண்ணுகிட்ட காட்டிட்டு நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடச் சொல்லுங்கள். சம்பளப் பதிவேட்டில் போடும்போது தொகையைப் படித்த பிறகு போடட்டும். குறைவாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஆட்சேபத்துடன்" என்று ஒரு வார்த்தை எழுதட்டும். அந்த ஒரு வார்த்தை எழுத மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சங்கத்தைச் சந்தேகப்பட வேண்டாம், ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். 8,088-க்கும் பி.எஃப்.க்கும் அம்மா தனியாகவே மனுக் கொடுக்கலாம், சங்கத்தின் அனுமதி தேவையில்லை. கூடவே வேலை பார்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. தனி ஆளை வேறு வார்டுக்கு மாற்றுவது சுலபம். தொழிலாளர் அலுவலகத்துக்குத் திங்கள்கிழமை காலை போகாதீர்கள், குறைதீர் கூட்டத்து அலைச்சலில் யாரும் பிடிபட மாட்டார்கள். செவ்வாய் போங்கள். ஒப்பந்த நகலைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கத்தை மட்டும், இந்த முறை மடிப்பு இல்லாமல், எனக்கு மீண்டும் அனுப்புங்கள்.